இணைப்பும் இசைவும்

சில வாக்கியங்கள் வகுப்பறையில் உரத்து வாசிக்கும்போது குற்றமற்றவைபோலத் தோன்றும். 1833ஆம் ஆண்டில் இலங்கை ஒரே நிர்வாகத்தின்கீழ் ஒன்றிணைக்கப்பட்டது என்பது அத்தகையதொரு வாக்கியம். பரீட்சைக் குறிப்புகளிலும், சுதந்திரதினச் சொற்பொழிவுகளிலும், நம்மவர் எழுதும் கட்டுரைகளின் முகவுரைகளிலும் இதனைக் கண்டு பழகிவிட்டோம். நாம் தமிழ் கற்பிப்பவர். சரித்திரம் நமது பாடமன்று. எனினும் சரித்திர ஆசிரியர் வராத ஒரு நாளில், சல்லிக் கடற்கரையிலிருந்து வரும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பொன்றில், இந்த வாக்கியத்தை நாமே வாசிக்க நேர்ந்தது.

கரைவலை இழுக்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஆரைக் கேட்டு ஒண்டாக்கினவங்கள், சேர்?" என்றான். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குச் சென்றோம். சென்றிருக்கக் கூடாது என்பது அன்று மாலை வீடு திரும்பும்போதுதான் புரிந்தது. கோல்புறூக்கும் கமறனும் எழுதிய அறிக்கைகளைப் பற்றி இலங்கைச் சரித்திரப் புலவர்கள் எழுதியவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தாலும், அச்சிறுவனுடைய வினாவுக்கு நேரே விடைசொல்லும் பக்கங்கள் மிகச் சிலவே. அந்த வினாவையே அளவுகோலாகக் கொண்டு இப்பொருளைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இலக்கணத்திலிருந்தே தொடங்குவோம். நமக்குத் தெரிந்தது அதுதான். 'ஒன்றிணைக்கப்பட்டது' என்பது செயப்பாட்டு வினை. செய்தவன் யார் என்பதைச் சொல்லாமலே செயலைச் சொல்லிவிடும் வசதி அதற்குண்டு. "வயல் உழப்பட்டது" என்றால் உழவன் மறைந்துவிடுகிறான். "நாடு இணைக்கப்பட்டது" என்றால் இணைத்தவன் மறைவதோடு, இணைக்கப்பட்டவர்களும் மறைந்துவிடுகிறார்கள். நாடு மட்டும் எஞ்சி நிற்கிறது, முன்பே ஒரு முழுப் பொருளாய் இருந்து, உடைந்து, ஒட்டப்பட்டதுபோல. சரித்திரத்தைப் பற்றிய ஒரு கொள்கை முழுவதும் இந்த ஒரு வினைமுற்றுக்குள் அடங்கிக்கிடக்கிறது.

இக்காலத்தைப்பற்றி எழுதப்பட்ட நூல்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, கொல்வின் ஆர். டி சில்வா 1941-42இல் இரு பாகங்களாக வெளியிட்ட, 1795 முதல் 1833 வரையிலான பிரித்தானிய ஆதிக்கத்தைப் பற்றிய நூல். இலண்டனில் அவர் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்விலிருந்து பிறந்தது. மற்றது, ஜி. சி. மென்டிஸ் பதிப்பித்து 1956இல் வெளிவந்த கோல்புறூக் - கமறன் ஆவணங்களின் தொகுதி. இரண்டும் பெருமுயற்சிகள், அவற்றின் உழைப்புக்கு முன் நம்போன்றோர் தலைவணங்கவே வேண்டும். எனினும் இரண்டினதும் நோக்கு வேறு. மென்டிஸ் 1833ஐ நவீன இலங்கையின் வாயிலாகக் காண்கிறார். மார்க்சியவாதியான கொல்வினுடைய நூலோ அந்த வாயிலில் வந்து முடிகிறது. வாயிலுக்கு அப்பால் நடந்தவற்றை அவர் பின்னர் நூலாக எழுதவில்லை, அரசியலாக நடத்தினார். அதைப்பற்றிப் பிறகு பேசுவோம்.

1833க்கு முன் இருந்தது என்ன? ஒரு நாடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது என்று சொல்வது எளிது. உண்மையில், பிரித்தானியர் கையில் இருந்தவை, ஒரே தேசாதிபதியின்கீழ் இயங்கிய இருவேறு குடியேற்ற ஆட்சிகள். கரையோர மாகாணங்கள் ஒல்லாந்தரிடமிருந்து 1795-96இல் பறிக்கப்பட்டவை. முதலில் அவற்றைச் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனி ஆண்டது; வரிக்கொடுமை தாளாது 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்ததும் 1798இல் நோர்த் தேசாதிபதியாக வந்தார்; 1802இல் அவை முடிக்குரிய குடியேற்றமாயின. கண்டி மாகாணங்களோ 1815 மார்ச் 2ஆம் திகதிய உடன்படிக்கையால் வந்தவை. அவற்றுக்குத் தனி ஆணையாளர் சபை, தனி நீதிமுறை, தனிக் கணக்கு. பதினெட்டு ஆண்டுகள் இவ்விரண்டும் ஒரு கொடியின்கீழ் இரண்டாகவே நடந்தன.

இக்கதையில் நமது துறைமுகத்துக்கு ஒரு தனி இடமுண்டு. கோணேசர் கோவிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து அக்கல்லாலேயே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர், கண்டி மன்னனுக்குத் துணைபோவதாகக் கூறிக்கொண்டு, அதனைக் கைப்பற்றினர். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை சிறிது காலம் வந்து தங்கிற்று. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சப்ரன் அதனைப் பறித்தார். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டதும் அது ஒல்லாந்தர் கைக்கு மீண்டது. 1795 ஓகஸ்டில் மறுபடியும் ஆங்கிலேயர். 1802இல் அமியேன்ஸ் நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கையில், போரில் பிடித்த இடங்களையெல்லாம் திருப்பிக்கொடுக்க இசைந்த பிரித்தானியா, இலங்கையையும் திரினிடாட்டையும் மாத்திரம் தன்னிடம் வைத்துக்கொண்டது. வாடைக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லாத போர்க்கப்பல்களுக்குத் திருகோணமலை வேண்டியிருந்தது. இத்தனை கொடிமாற்றத்திலும் கோட்டையடியில் வலை உணக்கிக்கொண்டிருந்தவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று அவனும் எதிர்பார்த்திருக்கமாட்டான்.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் குறுக்கிட்டு, "அந்நியர் வருமுன் நமக்கென ஓர் இயல்பான ஒருமை இருந்ததே" என்பர். இருந்தது உண்மை, அது எத்தகைய ஒருமை என்பதே கேள்வி. கவிராசவரோதயர் இயற்றியதாக வழங்கும் கோணேசர் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். குளக்கோட்டன் கோவிலும் குளமும் கட்டியதையும், கோவிற்பணிக்கென மக்களைக் கொணர்ந்து குடியேற்றியதையும், அவர்களை ஆளத் தனியுண்ணாப் பூபாலனை மதுரையிலிருந்து வருவித்து அமர்த்தியதையும் அந்நூல் கூறுகிறது. தானத்தார் இன்ன தொழும்பு செய்க, வரிப்பத்தார் இன்ன தொழும்பு செய்க என்று வகுத்துவைக்கிறது. நமது மாவட்டத்துப் பழமையை அறிய இதைவிடச் சிறந்த நூல் இல்லை என்று நாம் கருதுகிறோம். வன்னிபங்களின் அரசியல் உலகம் கொழும்பையோ கண்டியையோ அன்றி ஒரு கோவிலைச் சுற்றியே அமைந்திருந்தது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் அந்த உலகத்தை இணைத்த கயிறு யாது? பிறப்பினால் விதிக்கப்பட்ட ஊழியம். கண்டியில் அதன் பெயர் இராசகாரியம். இங்கே அதன் பெயர் கோவிற்றொழும்பு. பக்தியின் பெயரால் வந்ததனால் அதன் கட்டாயம் குறைந்துவிடவில்லை. பழம்பெருமை பேசும் நமது அன்பர்கள் கல்வெட்டின் குளத்தைப் பற்றி நூறு மேடைகளில் பேசுவர். குளம் வெட்டிய கைகளைப் பற்றி ஒரு மேடையிலும் பேசார்.

மேலும், அந்தப் பழைய உலகின் எல்லைகள் இன்றைய வாதங்களுக்கு இசைவாக அமையவுமில்லை. கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கம், 1660இல் கரையேறிய ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸைப் பிடித்துச் சென்றவர்கள் கண்டி அரசனின் ஆட்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் மலைநாட்டில் சிறையிருந்தார். தமிழ் பேசும் மக்கள் வாழ்ந்த அக்கரைக்குக் கண்டியின் ஆணை எட்டியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. கிழக்குக் கரையைச் சுற்றிலும் ஒல்லாந்தர் தமக்கென உரிமையாக்கிக்கொண்டது 1766ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னர்தான். ஆகவே, என்றும் ஒன்றாயிருந்த தீவு என்ற கதைக்கும் இந்தக் கரை அடங்காது. தெளிவான கோட்டினால் என்றும் இரண்டாயிருந்த தீவு என்ற கதைக்கும் அடங்காது.

இரண்டாவது கதையின் ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுவது, கிளெகோர்ன் என்னும் உத்தியோகத்தர் 1799இல் எழுதிய குறிப்பு. இத்தீவை இரு வேறு இனத்தார் பண்டுதொட்டுப் பகிர்ந்து வாழ்ந்தனர் என்று அவர் எழுதியதைத் தமிழ் மேடைகள் மந்திரம்போல் ஓதிவந்துள்ளன. அதே குறிப்பில் சிங்களவர் சீயத்திலிருந்து வந்தவர் என்று அவர் எழுதியதை ஓதுவாரில்லை. வந்திறங்கிச் சில ஆண்டுகளே ஆன ஒரு வெள்ளைக்கார உத்தியோகத்தரின் ஒரு வரி வேதம், மறுவரி அச்சுப்பிழையா? ஏகாதிபத்தியத்தின் குறிப்பேட்டிலிருந்து நமது உரிமைக்குச் சான்று தேடுவது, அடகுக்கடைக்காரனின் கணக்கிலிருந்து நமது வீட்டுப் பெருமையை நிறுவுவது போன்றது. தமிழ் பேசும் மக்களின் உரிமைக்கு அவர்கள் இன்று இங்கே வாழ்ந்து உழைக்கிறார்கள் என்பதே போதிய சான்று.

1815க்கு வருவோம். கண்டிப் பிரதானிகள் தம் அரசனைக் கைவிட்டுப் பிறவுண்றிக் தேசாதிபதியுடன் உடன்படிக்கை செய்தனர். இங்கே, கடன்கழிப்பாகவேனும், ஒருவகைக் 'கேட்டல்' நடந்தது. கேட்கப்பட்டவர்கள் பிரதானிகள், கேட்கப்படாதவர்கள் அவர்களுக்கு ஊழியம் செய்த குடியானவர்கள். பிரதானிகளின் உரிமைகளும் பௌத்த மதமும் காக்கப்படும் என்று எழுதிக் கொடுக்கப்பட்டது. 1817-18இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சி இரத்தத்தில் அமிழ்த்தப்பட்டதும், 1818 நவம்பர்ப் பிரகடனம் அந்த எழுத்தில் பெரும்பகுதியைத் திருத்தி எழுதியது. ஒருதலையாகத் திருத்தப்படக்கூடிய உடன்படிக்கைக்கு உடன்படிக்கை என்ற பெயர் பொருந்துமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இதன் பின்னர்தான் கோல்புறூக் 1829இல் வந்தார். கமறன் அடுத்த ஆண்டு வந்தார். வந்தது ஏன்? மக்களை ஒன்றுபடுத்துவதற்கா? இலங்கை ஆட்சி பிரித்தானியத் திறைசேரிக்குச் சுமையாயிருந்தது. செலவு வரவை மிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு சிறிய தீவில் இரண்டு நிர்வாகங்கள், இரண்டு உத்தியோகப் பட்டாளங்கள், இரண்டு சம்பளப் பட்டியல்கள். அவற்றை ஒன்றாக்கினால் செலவு குறையும். கணக்கப்பிள்ளை இரண்டு பேரேடுகளை ஒன்றாக எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. இதை நாம் ஏளனமாகச் சொல்லவில்லை. பின்னர் 1914இல் நைஜீரியாவின் வடக்கையும் தெற்கையும் லுகாட் பிரபு ஒன்றாக்கியபோதும், தெற்கின் மிகை வருவாயால் வடக்கின் குறையை நிரப்புவதே நேரடிக் காரணங்களுள் ஒன்றாயிருந்தது. முதலாளித்துவப் பேரரசு தன் உடைமைகளை இணைப்பதற்குப் பெரும்பாலும் இத்தகைய காரணங்களே போதுமாயிருந்தன.

1833இல் தீவு ஐந்து மாகாணங்களாயிற்று: வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி. கண்டி இராச்சியம் துண்டுதுண்டாக வெட்டிப் பகிரப்பட்டது. நுவரகலாவிய வடக்கோடு சேர்ந்தது. தமன்கடுவையும் விந்தனையும் கிழக்கோடு சேர்ந்தன. ஏழு கோறளை மேற்கோடு போயிற்று. எஞ்சியதே மத்திய மாகாணம். செலவுக்குறைப்போடு வேறொரு நோக்கமும் இதில் இருந்தது: கண்டியர் தம்மைக் கண்டியர் என்று நினைத்துக்கொண்டு மீண்டும் எழாதபடி செய்தல். 1873இல் வடமத்திய மாகாணம் பிறந்தபோது, வடக்கிலிருந்து நுவரகலாவியவும் கிழக்கிலிருந்து தமன்கடுவையும் மறுபடியும் வெட்டி எடுக்கப்பட்டன. 1889இல் சப்பிரகமுவா பிரிந்ததோடு மாகாணங்கள் ஒன்பதாயின. இன்று மாகாண எல்லைகளைக் காட்டி, 'இது எமது பண்டைய தாயகத்தின் எல்லை' என்று உணர்ச்சிவசப்படுவோரும், 'இவ்வெல்லையைத் தொட்டால் நாடே சிதறிவிடும்' என்று நடுங்குவோரும், வெள்ளைக்காரனுடைய அளவுகோலையும் பென்சிலையும் ஒருங்கே வணங்குகிறார்கள்.

எனினும் 1833ஐ வெறும் சூழ்ச்சியென்று தள்ளிவிடுவது மார்க்சிய நோக்காகாது. இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. கறுவாத் தனியுரிமை 1833இல் நீக்கப்பட்டது. பிறப்பினால் விதிக்கப்பட்ட உழைப்பைச் சட்டம் முதன்முறையாக மறுத்தது. இந்த அளவில் அது முன்னேற்றமே. இதனை மறுப்போர் நிலப்பிரபுத்துவத்தின் இழவுவீட்டில் ஒப்பாரி வைப்பவர்கள். ஆனால் கொழும்பிலிருந்து கண்டிக்கு பாண்ஸ் தேசாதிபதி வெட்டிய பெருந்தெரு அந்த இராசகாரியத்தாலேயே வெட்டப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. தெரு முடிந்தபின் விடுதலை வந்தது. அத்தெருவழியே கோப்பி இறங்கிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் ஆட்சியற்ற நிலமும் முடிக்கே சொந்தமென்று கூறிக் குடியானவனின் சேனையைக் கோப்பித்தோட்டமாக்க வழிவகுத்தது. 1848இல், வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்க, அல்லது மூன்று சிலிங் இறுக்க என்ற சட்டம் பிறந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் புதைத்த பிணம் வேறு சட்டை அணிந்து எழுந்துவந்தது. மாத்தளைக் கிளர்ச்சி அவ்வாண்டிலேயே வெடித்ததில் வியப்பென்ன?

இணைப்பின் உள்ளடக்கம் கோப்பியே என்று சொன்னால் அது மிகையாகாது. அந்தக் கோப்பிக்காகவே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கூலிகளாக மக்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து, வாந்திபேதிக்கும் பசிக்கும் ஆளாகி, எண்ணற்றோர் பாதையோரத்தில் மாண்டனர். இந்த நாட்டின் ஒருமை தன் முதுகெலும்பை எந்த உழைப்பிலிருந்து பெற்றதோ, அவ்வுழைப்பாளிகளின் வழித்தோன்றல்களை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1947இல் பாராளுமன்றத்துக்கு ஏழு பேரை அனுப்பிய தோட்டப்பகுதி, 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. இணைப்பின் கதையை எழுதும் நூல்கள் பெரும்பாலும் இந்த அத்தியாயத்தை 'இந்தியர் பிரச்சினை' என்ற வேறொரு தலைப்பின்கீழ் ஒதுக்கிவிடுகின்றன. அது வேறு கதையன்று. இதே கதையின் கூலிக்கணக்கு.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நிலத்தை ஒன்றாக்கிய அதே ஏற்பாடு மனிதரைப் பிரித்து எண்ணத் தொடங்கியது. புதிய சட்டநிரூபண சபையில் உத்தியோகத்தர் ஒன்பதின்மர், உத்தியோகப்பற்றற்றோர் அறுவர். அந்த அறுவருள் ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். எல்லாரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர்கள். 1889இல் கண்டியச் சிங்களவருக்கும் சோனகருக்கும் ஒவ்வோர் இடம் சேர்ந்தது. ஒரு கிராமத்தவனோ ஒரு தொழிலாளியோ அல்லன், 'தமிழன்' ஒருவன், 'சிங்களவன்' ஒருவன் என்றே அரசு மனிதரை அழைத்தது. அந்தக் கதிரைகளுக்காக யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் செல்வர்கள் போட்டியிட்டதே நமது 'தேசிய' அரசியலின் தொட்டில். சட்டங்களோ ஒன்றாகவும் இல்லை: கண்டியச் சட்டம், தேசவழமை, முஸ்லிம் சட்டம் ஆகியவை அப்படியே விடப்பட்டன. வரி வசூலிக்க ஒரே நாடு. ஆளப்படுவோர் தமக்குள் பேசிக்கொள்ளப் பல நாடு.

குடியேற்றங்கள் தாமே கூடி ஒரு நாடாகிய முன்னுதாரணம் உலகில் இல்லையா எனின், உண்டு. வட அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்களும் தத்தமக்கெனச் சபைகளை வைத்திருந்தன. 1781இல் தளர்ந்த ஓர் உடன்பாட்டால் இணைந்து, அது போதாதெனக் கண்டு, 1787இல் பிலடெல்பியாவில் கூடி வாதிட்டு யாப்பொன்றை எழுதின. றோட் ஐலண்ட் அந்த மகாநாட்டுக்கு ஆள் அனுப்பவேயில்லை. எல்லாருக்கும் பின்னர், 1790இல், இசைந்தது. அவுஸ்திரேலியாவின் ஆறு குடியேற்றங்களும் வாக்கெடுப்புகள் நடத்தி 1901 ஜனவரி முதலாம் நாள் ஒன்றாயின. இங்கே கேட்டல் நடந்தது, பேரம் நடந்தது, சிறிய உறுப்பு பெரியதை நோக்கி "எனக்கென்ன காப்பு?" என்று கேட்க இடமிருந்தது. ஆனால் யாரைக் கேட்டார்கள்? அமெரிக்க யாப்பு அடிமையை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிற்று, அதுவும் அவனுடைய எசமானுக்கு அதிக இடம் கொடுப்பதற்காக. அவுஸ்திரேலிய யாப்பு ஆதிக்குடிகளைக் குடித்தொகையிலேயே சேர்க்கவில்லை. அப்பிரிவை நீக்க 1967வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே இசைவின் பேரில் எழுந்த ஒன்றியங்களையும் நாம் கோவிலில் வைத்துக் கும்பிடவேண்டியதில்லை. சொத்துடையோர் சொத்துடையோரைக் கேட்டார்கள்; அவ்வளவுதான். நம் நாட்டில் அந்த அளவுகூட நடக்கவில்லை என்பதே வேறுபாடு.

நடப்பதற்கு வாய்ப்பு இல்லாமற் போகவில்லை. 1926இல், ஒக்ஸ்போட்டிலிருந்து திரும்பிய இளைஞர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, இலங்கைக்குச் சமஷ்டியே பொருந்தும் என்று பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். யாழ்ப்பாணத்துக்கு வந்தும் பேசினார். 1927இல் டொனமூர் ஆணைக்குழுவின்முன் கண்டியத் தேசிய சபை சமஷ்டி கேட்டது. கேட்டவர்கள் சிங்களவர் என்பதைக் குறித்துக்கொள்க. 1833இல் தாம் கரைக்கப்பட்டதை மலைநாட்டார் ஒரு நூற்றாண்டு கழித்தும் மறக்கவில்லை. அன்று தமிழ்த் தலைவர்கள் செவிசாய்க்கவில்லை. கொழும்பிலிருந்த கதிரைகளில் அவர்களுக்குக் கண். தமிழரசுக் கட்சி பிறந்தது 1949இல். அது தன் கோரிக்கைகளை வகுத்து முழங்கிய மகாநாடு 1956 ஓகஸ்டில் நமது திருகோணமலையிலே நடந்தது. அதன் பயனாக 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தனர். 1958 ஏப்ரலில் அது கிழிக்கப்பட்டது. சமஷ்டியை முதலில் எழுதிய கையே சமஷ்டியிலும் எவ்வளவோ குறைந்த ஒன்றைக் கிழிக்க நேர்ந்தது.

இப்போது கொல்வினிடம் திரும்புவோம். தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956இல், இரு மொழியை ஏற்றால் ஒரு நாடு நிலைக்கும், ஒரு மொழியைத் திணித்தால் இரு நாடு பிறக்கும் என்ற பொருள்பட அவர் பாராளுமன்றத்தில் எச்சரித்ததை அறியாத இடதுசாரி மாணவன் இருக்கமாட்டான். அதே கொல்வின் 1970இல் அரசியலமைப்பு விவகார அமைச்சரானார். 1972இல் நிறைவேறிய யாப்பின் இரண்டாம் உறுப்புரை இலங்கைக் குடியரசை ஒற்றையாட்சி அரசென்று கூறிற்று. சோல்பரி யாப்பில் சிறுபான்மையோருக்கு இருந்த 29ஆம் பிரிவு மறைந்தது. 1833வரை ஏகாதிபத்தியம் எப்படி ஒரு தீவைத் தன் வசதிக்கு ஒன்றாக்கியது என்பதைத் தம் இளமையில் ஆராய்ந்த அறிஞரே, அந்த வடிவத்துக்குக் குடியரசுப் பெயர் சூட்டினார். இதனைத் தனிமனிதத் துரோகம் என்று ஏசுவது எளிது, ஏசியவர் பலர். நமக்கு அது போதவில்லை. அவருடைய கட்சி மட்டுமா, நமது முகாம் முழுவதுமே 1833இன் வடிவத்தை இயற்கையின் வடிவமென்று ஏற்றுக்கொண்டிருந்தது. 1954இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 'தேசிய இலக்கியம்' என்ற குரலை எழுப்பியது. தென்னிந்தியப் பத்திரிகைக் குப்பைக்கு எதிராக அக்குரல் ஆற்றிய பணி பெரிது. மண்வாசனையும் உழைப்பாளியின் பேச்சும் நம் கதைகளில் நுழைந்தது அதனாலே. ஆனால் 'தேசம்' எது, அது எப்படி ஒன்றானது, அதற்கு யார் இசைந்தார் என்று நமது விமரிசகர்கள் கேட்கவில்லை. தேசத்தை ஏற்கெனவே முடிந்த பொருளாக வைத்துக்கொண்டு அதற்கேற்ற இலக்கியத்தைத் தேடினார்கள். தேசியவாதிகள் அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்தபோது நாம் திடுக்கிட்டதில் நியாயமில்லை.

இது பழங்கதையென்று எண்ணுவோர் நமது மாவட்டத்துக்கு வந்து பார்க்கலாம். 1987 ஜூலையில் இலங்கையும் இந்தியாவும் ஓர் உடன்படிக்கை செய்தன. அவ்வாண்டு இறுதியில் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. 1988 செப்டெம்பரில் சனாதிபதிப் பிரகடனமொன்றால் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒன்றாயின. திருகோணமலை அதன் தலைநகராயிற்று. இந்த இணைப்பு நிலைக்கவேண்டுமா என்பதைக் கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பால் கேட்பதென்றும், அது 1988 இறுதிக்குள் நடக்குமென்றும், ஒத்திவைக்கும் அதிகாரம் சனாதிபதிக்கு உண்டென்றும் எழுதப்பட்டிருந்தது. ஒத்திவைப்பு நடந்தது, மறுபடியும், மறுபடியும் நடந்தது. வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. 2006 ஒக்டோபரில், அப்பிரகடனம் செல்லாதென உயர்நீதிமன்றம் தீர்த்தது. 2007 ஜனவரி முதலாம் நாள் வடக்கும் கிழக்கும் தனித்தனியாயின. இணைத்தபோது ஒரு பிரகடனம். பிரித்தபோது ஒரு தீர்ப்பு. கிண்ணியா முஸ்லிம் விவசாயியையோ, சாம்பல்தீவுத் தமிழ்த் தாயையோ, கந்தளாய்க் குடியேற்றத்துச் சிங்களக் கமக்காரனையோ இரண்டு முறையும் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூவரும் ஒரே விடை சொல்லியிருப்பார்கள் என்று நாம் நடிக்கப்போவதில்லை. மாறுபட்டிருப்பார்கள், கடுமையாகவே மாறுபட்டிருப்பார்கள். அந்த மாறுபாட்டைக் கேட்டறிந்து பேசித் தீர்ப்பதற்கே ஆட்சியென்று பெயர்.

ஒன்றுபடுதல் என்பதைத் தாள்களில் மட்டுமே நாம் தேடுவதும் தவறு. சோளகக் காலத்தில் இக்கரைக் கடல் அமைதியுறும்போது, நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்து மீனவர் வந்து கிழக்குக் கரையெங்கும் வாடி அமைப்பது நெடுநாள் வழக்கம். அவர்களுட் பலர் இரு மொழியும் பேசுவர். சண்டையும் உண்டு; வலை போடும் இடத்துக்கு, மீன் விலைக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக முதலாளியின் கடனுக்கு. ஆயினும் எந்தத் தேசாதிபதியும் ஆணையிடாமலே ஒரு கரையும் மறு கரையும் அங்கே ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. போர்க்காலம் அந்த வழக்கத்தை முறித்தது எப்படியென்பதும், பின்னர் அது திரும்பியபோது எந்தக் கசப்புகளோடு திரும்பியது என்பதும் தனியாக எழுதவேண்டிய பொருள்.

வகுப்பறைக்குத் திரும்பிச் சென்றது அடுத்த வாரம். சரித்திர ஆசிரியரின் அனுமதியோடு, அந்தப் பழைய வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றுக என்று தமிழ்ப் பயிற்சியாகவே கொடுத்தோம். எழுவாய் இல்லாமல் எழுத முடியாதல்லவா? பெரும்பாலோர் 'பிரித்தானியர்' என்று எழுதி முடித்தனர். ஒரு மாணவி, 'பிரித்தானியர் செலவைக் குறைப்பதற்காகக் கண்டியையும் கரையையும் ஒரே கணக்கில் எழுதினார்கள்' என்று எழுதியிருந்தாள். முன்னர் வினா எழுப்பிய சிறுவனின் தாளில் வாக்கியம் முடிந்திருக்கவில்லை. 'பிரித்தானியர் எங்களை' என்று தொடங்கி, 'எங்களை' என்பதை அடித்து, 'எல்லாரையும்' என்று எழுதி, அதையும் அடித்திருந்தான். எதை எழுதுவது சரியென்று கேட்டான். முன்னொருநாள் சிரித்த நாம் இம்முறை சிரிக்கவில்லை. அவனோடு உட்கார்ந்து இரண்டையும் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாடவேளை முடிந்து மணி அடித்தது.